மறு: ‘மீஸான் பிளாஸ்’ – தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். சமையற்கலைப் பாடநூல் எழுதும் அம்மா கேட்டது ஒரே ஒரு சொல்: சமைக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஆயத்தம் செய்து, கைக்கெட்டும் இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பதைக் குறிக்கும் ‘மீஸான் பிளாஸ்’ என்ற பிரெஞ்சுத் தொடருக்குத் தமிழ். ஆனால் தொழில்முறைச் சமையலில் பாதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அவசரத்தில் எதையாவது ஒட்டவைத்தால் படிக்கிற பிள்ளைகள் பாதியைத்தான் கற்பார்கள். பெரிய சமையற்கூடங்களில் வேலை பார்த்து, புதிதாக வருபவர்களைப் பழக்கியும் வந்திருக்கிறேன் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘முன்தயாரிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், சரி. என்ன புரியும்? வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, இறைச்சியைத் துண்டு போடுவது. அதோடு நின்றுவிடும். மீஸான் பிளாஸில் நறுக்குவது தொடக்கம் மட்டுமே. நறுக்கியது எந்தக் கிண்ணத்தில், கையின் எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எவ்வளவு குளிரில் இருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. உப்பு, எண்ணெய், கரண்டி, துடைக்கும் துணி, ருசி பார்க்கும் கரண்டி, பரிமாறும் தட்டு எல்லாம் திரும்பிப் பார்க்காமல் கை நீட்டினால் கிடைக்க வேண்டும். அதற்கும் மேல், ஆர்டர்கள் வந்து குவிகிற நேரம் முழுக்க அந்த ஒழுங்கு குலையாமல் நிற்க வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது, ஒவ்வொரு தட்டும் போனபின் பலகையைத் துடைப்பது, எது தீரப்போகிறது என்று தீருமுன்பே பார்த்துக் கேட்டு வாங்குவது எல்லாம் அதே சொல்லில்தான் அடங்கும். புதியவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ‘தயாரிப்பு’ என்று பெயர் வைத்தால் அது ஆர்டர் வருவதற்கு முன்பே முடிந்துபோன வேலையாகிவிடுகிறது. எனக்குள்ள முதல் தடை அதுதான்.

இது வெறும் சுத்தக்காரர்களின் பிடிவாதம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நெருப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதால் வந்த ஒழுங்கு இது. எண்ணெய் காய்ந்தபின் பொடியாக நறுக்கிய பூண்டு பொன்னிறமாவதற்கும் கருகுவதற்கும் இடையே சில நொடிகள்தான் இருக்கின்றன. அந்த நொடிகளில் அடுத்த பொருளைத் தேடிக் கொண்டிருந்தால் அந்தச் சட்டி வீண். நறுக்குவதே கூடச் சமையலின் ஒரு பகுதிதான். துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் நடுவரை வெப்பம் போய்ச்சேர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரே சட்டியில் சிறிதும் பெரிதுமாகக் கிடந்தால் சிறியது குழையும், பெரியது வேகாது. ஒரே அளவில் நறுக்கு என்று மூத்தவர்கள் திட்டுவதற்குக் காரணம் இதுதான், அழகு அதற்குப் பிறகு.

ஈரத்தைத் துடைப்பதையும் சொல்ல வேண்டும். இறைச்சியின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. தண்ணீர் ஆவியாகப் போவதிலேயே வெப்பமெல்லாம் செலவாகிவிடும். மேலே பழுப்பேறி மணம் வருவதோ 140 பாகைக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த அந்த வினை, ஈரத் துண்டில் தொடங்கவே நேரமாகும். அதற்குள் உள்ளே வெந்து வறண்டுவிடும். சட்டியில் நெருக்கி அடைத்தாலும் இதே கதைதான், துண்டுகள் வறுபடாமல் ஆவியில் வேகும். ஆக, துடைத்து உலர்த்தி, இடைவெளி விட்டுத் தட்டில் பரப்பி வைத்திருப்பதும் மீஸான் பிளாஸ்தான். இதெல்லாம் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அடுப்பில் நின்று சரிசெய்ய முடியாது.

> பிரெஞ்சில் ‘இடத்தில் வைத்தல்’ என்பதுதானே பொருள்? அப்படியென்றால் ‘இடநிறுத்தம்’ சுருக்கமாக இருக்கிறது.

நேர்ப்பொருள் நீங்கள் சொன்னதுதான் ஐயா. ஆனால் காதில் அது ‘இடைநிறுத்தம்’ என்று விழும். புகைபோக்கி விசிறியும் பாத்திரச் சத்தமும் நிறைந்த இடத்தில் ஒருவரைப் பார்த்து ‘உன் இடநிறுத்தம் முடிந்ததா?’ என்று கேட்டால் அவர் கலங்கிப் போவார். சமையற்கூடச் சொல்லை ஏட்டில் எழுதிப் பார்ப்பதோடு உரக்கக் கத்தியும் பார்க்க வேண்டும்.

> ‘அட்டிலமைவு’. அட்டில் நல்ல பழந்தமிழ்ச் சொல். அடுப்பு, அடிசில் எல்லாம் அதே ‘அடு’ வேரில் வந்தவை.

இந்தச் சொல்லின் அழகில் நானும் மயங்கினேன். ‘அடு’ வேரை மீட்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு. ஆனாலும் இதில் பொருள் இடறுகிறது. அட்டிலமைவு என்றால் சமையலறையை எப்படிக் கட்டுவது, அடுப்பு எங்கே, கழுவுதொட்டி எங்கே என்ற வரைபடம்தான் நினைவுக்கு வரும். அதுவும் தேவையான சொல்தான். சரக்கு உள்ளே வரும் வழியும் குப்பை வெளியே போகும் வழியும் குறுக்கிடாமல் கூடத்தை அமைப்பது தனிப் பாடம். அதற்கு அட்டிலமைவை வைத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள். மீஸான் பிளாஸ் கட்டடத்துக்கு உரியதன்று. அடுப்பின் முன் நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் உரியது.

தனி ஆளுக்கு உரியது என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தலைமைச் சமையலர் ஓகுஸ்த் எஸ்காஃபியே (1846–1935) ஹோட்டல் சமையற்கூடத்தைப் பிரிவுகளாக வகுத்து ஒழுங்குபடுத்தினார். 1870இல் மூண்ட பிரான்சு–பிரஷ்யப் போரில் இராணுவத்துக்குச் சமைத்தவர் அவர். கூடத்தில் அவர் கொண்டுவந்த அணிமுறையிலும் படைப்பிரிவின் சாயல் தெரியும். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், சுடுவதற்கு ஒருவர், குளிர்ந்த உணவுக்கு ஒருவர் என்று வேலை பிரிந்தது. ஒரே மேசைக்குப் போக வேண்டிய நான்கு தட்டுகள் நான்கு பேரிடமிருந்து ஒரே நிமிடத்தில் வந்து சேர வேண்டும். நால்வரில் ஒருவருடைய மேடை குலைந்திருந்தாலும் மற்ற மூவரின் உணவும் ஆறிப்போகும். அணி முழுவதும் ஒவ்வொருவருடைய ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இந்தச் சொல்லில் ‘கை’ இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை: கைவாகு.

‘கைக்கு வாகா வச்சுக்கோ’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பொருள் தயாராக இருக்கிறது, சரியான இடத்தில் இருக்கிறது, எடுப்பவருக்குத் தோதாக இருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு தொடரில் வந்துவிடுகின்றன. புதிதாக விளக்கத் தேவையில்லை. ‘கைவாகு ஆச்சா?’ ‘ஆச்சு.’ சத்தத்திலும் கேட்கும். மூன்றே எழுத்து. ‘கைவாகு கலையாம வேலை செய்’ என்று சொல்லலாம், அப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கும் அது பொருந்துகிறது. கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கும்: அன்றைய நாளுக்கு எது எவ்வளவு தயாராக வேண்டும் என்று எழுதி ஒட்டும் தாள் ‘கைவாகுப் பட்டியல்’, அடுக்கிவைக்கும் சிறு கிண்ணங்கள் ‘கைவாகுக் கிண்ணங்கள்’.

எழக்கூடிய தடைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். கைவாகு என்பது கைத்திறனையும் லாவகத்தையும் குறிக்கலாமே என்று கேட்பீர்கள். குறிக்கட்டும். கூடத்தில் லாவகமான கை என்று நாம் மெச்சுவது பெரும்பாலும் நன்றாக அடுக்கப்பட்ட மேடையைத்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பொருள்கள், குழப்பம் வராது.

இன்னொரு தடை கனமானது. கைக்கு அருகில் என்றால் எல்லாவற்றையும் மேடை மேலேயே பரப்பிவிட மாட்டார்களா? இங்கே பாடநூல் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி கெடக்கூடிய உணவு 5 பாகைக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும், அல்லது 60 பாகைக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் வாகான இடம் மேடைக்குக் கீழே உள்ள குளிர்ப்பெட்டி இழுப்பறைதான். மேலே சிறிதளவு, கீழே மீதி, தீரத் தீர நிரப்பு. கைவாகு என்ற தலைப்பின் கீழ் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிட்டால் தவறான பழக்கம் வராது. எழுதாமல் விட்டால் எந்தச் சொல்லை வைத்தாலும் வரும்.

அம்மா மடலின் கடைசியில் கேட்டிருந்த மற்றச் சொற்களுக்கும் வருகிறேன்.

> கிரிட்டிக்கல் கன்ட்ரோல் பாயின்ட்: ‘மாறுநிலைக் கட்டுப்பாட்டுப் புள்ளி’ சரியா?

இதை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ‘மாறுநிலை’ இயற்பியலுக்கு உரியது. மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் இங்கே ஏதோ நிலை மாறுகிறது என்று நினைப்பார்கள். 1960களில் அமெரிக்க விண்வெளிப் பயணிகளுக்கான உணவுக்காக உருவான ஹாசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறையில் இதன் பொருளே வேறு. எந்தக் கட்டத்தில் கட்டுப்படுத்தாவிட்டால் ஆபத்தைத் தடுக்க முடியாதோ, அந்தக் கட்டம். கோழியின் நடுப்பகுதி 74 பாகையை எட்டியதா என்று வெப்பமானி குத்திப் பார்ப்பது அத்தகையது. அதற்கப்புறம் தட்டுதான், பிழையைத் திருத்த வேறு கட்டம் கிடையாது. ‘இன்றியமையாக் கட்டுப்பாட்டுக் கட்டம்’ என்பது நீளம்தான். ஆனால் இது கத்திச் சொல்கிற சொல் அன்று, பதிவேட்டில் எழுதுகிற சொல். நீளம் பாதகமில்லை.

கிராஸ் கன்டாமினேஷனுக்கு ‘குறுக்கு மாசு’ வேண்டாம்; எதன் குறுக்கே என்று யாருக்கும் தெரியாது. பச்சை இறைச்சி பட்ட கத்தி, பலகை, கை, துணி வழியாக உண்ணத் தயாரான உணவுக்குப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. ‘தொடுமாசு’ என்றால் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போவதற்கு ‘தொடர்வேக்காடு’. பெரிய இறைச்சித் துண்டில் இது சில பாகைகள் இருக்கும் என்பதால் இலக்கை எட்டுமுன்பே இறக்க வேண்டியிருக்கிறது. முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்துச் செலவழிக்கும் சரக்கறை முறையான ஃபிஃபோவுக்கு ‘முன்வரவு முன்செலவு’. கணக்குப் பிள்ளைக்கும் சரக்கு எடுப்பவருக்கும் ஒருசேரப் புரியும்.

யீல்டுக்கு ‘விளைச்சல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வயலில் சரி, சமையற்கூடத்தில் சரியாக வராது. ‘பத்துக் கிலோ வாங்கினா எவ்வளவு தேறும்?’ என்றுதான் பேசுகிறோம். ‘தேறுவீதம்’ என்று வைப்போம். வாங்கியது 10 கிலோ, தோலும் காம்பும் போக நின்றது 8 கிலோ என்றால் தேறுவீதம் 80 விழுக்காடு. தட்டு ஒன்றுக்கு 120 கிராம் வீதம் 40 தட்டுக்கு வேண்டுமென்றால் 4.8 கிலோ, அதை 0.80ஆல் வகுத்தால் வாங்க வேண்டியது 6 கிலோ. இந்த வகுத்தலைச் செய்யாமல் 4.8 கிலோவையே வாங்குகிறவர் எட்டுத் தட்டுக் குறைவாகத்தான் பரிமாற முடியும். விலை போடும்போதும் தேறிய கிலோவின் அடக்கவிலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கைவாகுப் பட்டியலில் எழுதும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன, ஆகையால் பாடநூலில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது நல்லது.

எனக்கு இன்னும் நிறைவு தராத ஒன்று இருக்கிறது: தலைமைச் சமையலர் நின்று ஒவ்வொரு தட்டையும் பார்த்து, ருசித்து, விளிம்பைத் துடைத்து, பரிமாறுபவரிடம் விடும் அந்த மேடை. ‘பாஸ்’ என்கிறோம். ‘ஒப்புமேடை’ என்று எழுதிப் பார்த்தேன். ஒப்புதலும் ஒப்படைத்தலும் அதில் வருகின்றன. கத்திச் சொல்ல ‘ஒப்புக்கு!’ என்று வருகிறபோது மட்டும் சிக்கல், ஒப்புக்குச் செய்தான் என்கிற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.