அரிசி ஆலைக்கும் வீடுகளுக்கும் இடையே மரவரிசை: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் அருகே எங்கள் தெருவை ஒட்டியுள்ள அரிசி ஆலையை விரிவாக்க அனுமதி வழங்கியபோது, வீடுகளின் பக்கம் அடர்ந்த மரவரிசை வளர்க்க வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் தீர்மானித்திருந்தும், அந்த இடத்தில் இன்று லாரிகள்தான் நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் உமித்தூசி அடுப்படி வரை படிகிறது. மூச்சிரைப்பு உள்ள முதியவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் தீர்மான நகலையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அளித்த இசைவாணையையும் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) கேட்க இருக்கிறோம். அந்த ஆணையில் பசுமை வளையம், அதாவது ஆலையைச் சுற்றி மரம் வளர்ப்பது, நிபந்தனையாக இருந்தால், அதை நிறைவேற்ற வைக்க வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரை அணுகுவதா, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு அளிப்பதா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள். எங்கள் களிமண்ணில் மழைக்காலத்தில் நீர் தேங்கும் என்பதால், வேம்பைவிட நீர்மருதும் புங்கனும் தாக்குப்பிடிக்கும் என்று கருதுகிறோம். எத்தனை வரிசை, என்ன இடைவெளி என்பதையும் தெரிவித்து உதவுங்கள்.