பாப்பாவுக்கு ஆறாம் வகுப்பு எங்கே? (பாலக்கோடு சொந்தங்கள் குழு)

லட்சுமி: எல்லாருக்கும் வணக்கம். பாப்பா ஐந்தாவது முடித்துவிட்டாள். நம்ம ஊர் அரசுப் பள்ளியா, தருமபுரியில் கிறிஸ்தவ சபை நடத்தும் உதவிபெறும் பள்ளியா என்று குழப்பமாக இருக்கிறது. மாமியார் சபைப் பள்ளி வேண்டாம் என்கிறார்.

முருகன் சித்தப்பா: சம்பந்தியம்மா சொல்வது சரிதான். அங்கே தினமும் ஜெபம். அரசு எதற்கு மதப் பள்ளிக்குப் பணம் கொடுக்கிறது? அதை நம்ம ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தால் இரண்டு வகுப்பறை கட்டலாம்.

சரோஜா பெரியம்மா: முருகா, 31 வருடம் அப்படி ஒரு பள்ளியில்தான் வேலை பார்த்தேன். இடமும் கட்டடமும் சபையுடையது, என் சம்பளம் அரசுடையது. அந்தப் பணம் வாங்குவதால் நமக்குக் கேட்கும் உரிமை வருகிறது. அரசியல் சட்டம் 28ஆவது பிரிவின்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டிலோ மத வகுப்பிலோ உட்கார வைக்கக் கூடாது. மதம், சாதியைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 29ஆவது பிரிவு. அரசுப் பணம் வராத பள்ளிக்கு ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிப் போகும்?

முருகன் சித்தப்பா: சட்டம் காகிதத்தில் இருக்கிறது அக்கா. என் மகள் படித்த இடத்தில் கேட்டதற்கு, எல்லாரும் நிற்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சரோஜா பெரியம்மா: அது தப்பு. நீ மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதியிருக்க வேண்டும். அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ரமேஷ்: அத்தை, கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் தரும் 25 சதவீத இலவச இடம் கேட்கலாமே?

சரோஜா பெரியம்மா: அது எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில் சேரும்போதுதான் தம்பி. சபைப் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

லட்சுமி: அப்போ சபைப் பள்ளியே நல்லதா பெரியம்மா?

சரோஜா பெரியம்மா: இரு கண்ணு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, அதை 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழிப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். என் மாணவிகளில் பாதிப்பேர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இல்லை என்றதும் எனக்கு மனசே ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை. பாப்பா என்ன படிக்க வேண்டும் என்கிறாள்?

லட்சுமி: கால்நடை டாக்டர். வீட்டில் கறவை மாடு இருக்கிறதல்லவா, எப்போதும் அதனோடுதான்.

சரோஜா பெரியம்மா: 2021இல் கால்நடைப் படிப்பையும் அந்த ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார்கள். அப்படியென்றால் ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறாய் என்பதே பெரிய விஷயம். முதலில் ஊர்ப் பள்ளியில் போய்ப் பார். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேள். இல்லை என்றால் தருமபுரிக்குப் போவோம், வழிபாட்டு விஷயத்தைச் சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

முருகன் சித்தப்பா: ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் இருக்கிறேன். திங்கள்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.

சரோஜா பெரியம்மா: நானும் வருகிறேன். லட்சுமி, பாப்பாவையும் அழைத்து வா. வகுப்பறையை அவள் பார்க்கட்டும்.