விலகினேனா, விலக்கினார்களா? ஒரு கடிதத்தின் கடைசி வரிக்கு வினைச்சொல் வேண்டும்

சனிக்கிழமைக் குரல் கேட்கிறார்:

ஒன்பது ஆண்டுகளாக ஒரு குழுவில் இருக்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்போம். சனிக்கிழமை மாலை என்றால் எனக்கு வேறு வேலையே கிடையாது. அந்தக் குழுவுக்கு இப்போது ஒரு கடிதம் எழுத வேண்டும். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கு முறையும் கடைசி வரியின் வினைச்சொல்லில்தான் பேனா நின்றது.

“பிரிகிறேன்” என்று எழுதினேன். ரயிலடியில் கையசைப்பது போல இருந்தது; எனக்காகக் கண் கலங்க அங்கே யாரும் இல்லை. “வெளியேறுகிறேன்” என்றால் கதவை அறைந்து சாத்தும் ஓசை கேட்கிறது. “தொடர்பை முறித்துக்கொள்கிறேன்” என்று எழுதும்போது கை கூசியது. “விலகுகிறேன்” பரவாயில்லை. ஆனால் அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை.

நடந்தது இது. ஆறு மாதங்களாகச் சிலர் தனியாகக் கூடி முடிவெடுக்கிறார்கள். இந்தப் பருவத்தின் வாசிப்புப் பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை. கேட்டேன். “விடுபட்டுவிட்டது” என்றார்கள். திருத்திய பட்டியலிலும் இல்லை. மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. இதற்கு என்ன சொல்?

மெய்ப்புப் பார்ப்பவர் எழுதுகிறார்:

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. தமிழில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் இரட்டையாகத்தான் பிறந்திருக்கின்றன. நீங்கினான், நீக்கினான். ஒதுங்கினான், ஒதுக்கினான். விலகினான், விலக்கினான். பிரிந்தான், பிரித்தான். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். ஓர் எழுத்து வல்லினமாக மாறினாலோ, ஒரு வல்லினம் கூடினாலோ போதும், குற்றம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். செயலை யார் செய்தது என்று சொல்லாமல் இந்தச் சொற்களைக் கடக்க முடியாது.

நாடுகளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து “பிரிந்தது” என்று எழுதுவோரும் உண்டு, “வெளியேற்றப்பட்டது” என்று எழுதுவோரும் உண்டு. அன்று மலேசிய நாடாளுமன்றத்தில் பிரிவினைக்கு ஆதரவாக 126 வாக்குகள்; எதிராக ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தால் “வெளியேற்றப்பட்டது” சரி. ஆனால் பிரிவினை ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 7 என்றே தேதியிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தன. அதைப் பார்த்தால் “பிரிந்தது” என்பதையும் தள்ள முடியாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரி 31 அன்று போனதில் இந்தக் குழப்பம் இல்லை. 2016இல் வாக்கெடுப்பு நடத்தித் தானே முடிவு செய்தது. “வெளியேறியது” என்று எழுதியிருந்தால் நான் திருத்தப் பேனாவைத் தொட மாட்டேன்.

உங்களுக்கு நடந்ததற்குப் பொருந்தும் சொல் “ஒதுக்கு”. வேற்றுமை உருபைக் கவனியுங்கள். எனக்கு ஒதுக்கினார்கள் என்றால் பங்கு கிடைத்தது என்று பொருள். என்னை ஒதுக்கினார்கள் என்றால் பங்கே இல்லை. உங்களுக்குப் பாடம் ஒதுக்கவில்லை, உங்களை ஒதுக்கினார்கள்.

நூல்முனை எழுதுகிறார்:

“முறித்துக்கொள்கிறேன்” என்பதில் கை கூசியதற்குக் காரணம் உண்டு. முறிவது விறைப்பான பொருள்: கிளை, குச்சி, எலும்பு. அறுவது நூலும் கயிறும். உடைவது பானை. கிழிவது துணி. உறவை எந்தப் பொருளாக மனத்தில் வைத்திருக்கிறோமோ அதற்கேற்ற வினை வந்து ஒட்டிக்கொள்கிறது. அறுந்ததை முடிச்சுப் போடலாம் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. உடைந்ததற்கு அந்த வழி இல்லை.

ஒரு வேண்டுகோள். கோபத்தில்கூடத் “தலைமுழுகிவிட்டேன்” என்று எழுதிவிடாதீர்கள். சாவுக்குப் பின் குளிக்கிற குளியல் அது. எதிரில் இருப்பவரை இறந்தவராக்கிவிட்டு எழுதும் சொல். என் சகோதரிக்கு ஒருமுறை அப்படி எழுதினேன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேசத் தொடங்கினோம். அந்தச் சொல்லை மட்டும் இருவரும் இன்றுவரை சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

பழைய வாசகன் எழுதுகிறார்:

கடிதமே வேண்டாம் என்பது என் கருத்து. குறள் 818 சொல்கிறது: “ஒல்லும் கருமம் உடற்று பவர்கேண்மை சொல்லாடார் சோர விடல்.” செய்ய முடிந்த காரியத்தையும் கெடுப்பவர்களின் நட்பை, வாய் திறந்து சொல்லாமலே தளர விட்டுவிடச் சொல்கிறார் வள்ளுவர். முறிக்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். சோர விடுங்கள். இதைவிட மென்மையான சொல் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைக் குரல்:

ஐயா, அந்தக் குறளைப் பலமுறை படித்துப் பார்த்தேன். சொல்லாமல் சோர விட்டவர்கள் அவர்கள்தாம். அது மென்மையாக இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் நான். அதையே அவர்களுக்குத் திருப்பிச் செய்ய எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டுத்தான் போவேன்.

“விடைபெறுகிறேன்” என்று ஐந்தாம் முறையும் எழுதிப் பார்த்தேன். விடை என்றால் அனுமதி அல்லவா? கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும். அதையும் அடித்துவிட்டேன்.

மெய்ப்புப் பார்ப்பவர்:

“விலகுகிறேன்” என்பதோடு “கொள்” சேர்த்துப் பாருங்கள் அம்மா. “விலகிவிட்டேன்” என்றால் காரியம் முடிந்தது என்று மட்டும் சொல்லும். “விலக நேர்ந்தது” என்றால் பழி காற்றில் போய்விடும். “விலகிக்கொள்கிறேன்” என்றால் அந்த முடிவு உங்கள் கையில் இருக்கும். அவர்கள் செய்ததை முந்தைய வரியில் பிறவினையிலேயே எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க முயன்றதால்தான் பேனா நின்றிருக்கிறது.

சனிக்கிழமைக் குரல்:

இன்று காலை அனுப்பிவிட்டேன். முழுக் கடிதமும் இவ்வளவுதான்:

“ஒன்பது ஆண்டுகள் உங்களோடு வாசித்தேன். இந்தப் பருவத்தில் எனக்கு எதையும் ஒதுக்கவில்லை, என்னை ஒதுக்கினீர்கள். நான் விலகிக்கொள்கிறேன். சென்ற பருவத்தில் என்னிடம் தங்கிவிட்ட வரலாற்றுப் பாடநூலின் கடைசி இரண்டு பாடங்களை வாசித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேர்வுக்கு முன் மாணவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.”