அம்மாவின் நோய்க்குக் கருவாட்டின் மேல் பழி போடலாமா?

குளச்சல் மகள்:
அம்மாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய். மாமாவுக்கு 41 வயதிலேயே இதே நோய் வந்தது. பாட்டி கருப்பைப் புற்றுநோயில் இறந்தாள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்த கையோடு, "தினம் கருவாடு தின்றால் இப்படித்தான்" என்றார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நெத்திலிக் கருவாடு முழுவதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் சாப்பிட்டதால்தான் வந்ததா?

தோவாளைத் தோட்டம்:
படுத்திருப்பவர் முகத்துக்கு நேரே சொன்னது பெரிய தவறு மகளே. ஆனால் சொன்ன விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. சீன முறையில் உப்பிட்ட மீனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முப்பது வருடத்தில் நம் மரபணு மாறவில்லை, தட்டுதான் மாறிவிட்டது. மரச்சீனியும் சாளைக் குழம்பும் இருந்த இடத்தில் பரோட்டாவும் பேக்கரிப் பண்டமும் வந்து உட்கார்ந்துவிட்டன.

தக்கலை நர்ஸ்:
அண்ணாச்சி, அந்த உப்பு மீன் தொடர்பு மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதிப் புற்றுநோயோடு. குடலோடு அல்ல. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

தங்கை, ஐம்பது வயதுக்குள் குடலில் இருவருக்கு, கருப்பையில் ஒருவருக்கு என்றால் லிஞ்ச் நோய்க்குறி, அதாவது குடல், கருப்பைப் புற்றுநோய்கள் குடும்ப வழியில் வரச் செய்யும் பிறவிக் கோளாறு, இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கும்தான்.

தோவாளைத் தோட்டம்:
பிறவியில் வருவது மொத்தப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தானே? மற்றவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிடுவதா?

தக்கலை நர்ஸ்:
விடச் சொல்லவில்லை. லிஞ்ச் உள்ள 900க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம், எளிதில் செரிக்காத மாவுச்சத்து கொடுத்தார்கள். சராசரியாக இரண்டு வருடம். 2022இல் வந்த முடிவில் குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் இரைப்பை, உணவுக்குழாய், கணையம் போன்ற இடங்களில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பழுதான மரபணு உள்ளவர்களிடமும் உணவு வேலை செய்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கே வேலை செய்யவில்லை என்பதை நீங்களும் பாருங்கள்.

தோவாளைத் தோட்டம்:
அந்தச் சத்து பச்சை வாழைக்காயில் நிறைய உண்டு. ஏத்தங்காய்த் துவரன் போதுமே!

தக்கலை நர்ஸ்:
வேகவைத்தால் அதில் பெரும்பகுதி சாதாரண மாவுச்சத்தாகிவிடும். முழுதாகப் பழுக்காத பழம் பரவாயில்லை. எப்படியானாலும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு அது ஈடாகாது. லிஞ்ச் உறுதியானால், எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்து 20 முதல் 35 வயதுக்குள் தொடங்கி, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

தோவாளைத் தோட்டம்:
பரிசோதனைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பேக்கரி விஷயத்தில் மட்டும் என் பேச்சை மாற்ற மாட்டேன்.

குளச்சல் மகள்:
மாமா மகனுக்கு 28 வயது. நேற்று இரவே கூப்பிட்டுச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாட்டியிலிருந்து தொடங்கி யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை திருவனந்தபுரம் போகும்போது டாக்டரிடம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரியாத பெயர்களை அம்மா படுத்தபடியே சொல்லித் தருகிறாள்.