வாசிக்கத் திணறும் மகனுக்கு ஒலிச் செயலி கொடுக்கலாமா, கொடுத்தால் வாசிப்பே வராமல் போய்விடுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்

வணக்கம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதே பக்கத்தை நான் வாசித்துக் காட்டினால், கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறான். சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவது அவன் வழக்கம். ‘மரபு’ என்றிருந்தால் ‘மரம்’ என்பான், ‘பயன்’ என்றிருந்தால் ‘பயம்’ என்பான். ‘கொடி’ போன்ற சொற்களில் எழுத்துக்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் வருவதைச் சேர்த்துப் பார்க்க முடியாமல், ‘கெ’ என்று தொடங்கித் துணைக்காலைக் கண்டதும் நின்றுவிடுகிறான்.

கண்ணையும் காதையும் பரிசோதித்தாகிவிட்டது; இரண்டிலும் குறையில்லை. கல்வி உளவியலாளர் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அறிக்கையின் கடைசி வரியில் ‘உதவித் தொழில்நுட்பம் பயன்படுத்தலாம்’ என்று இருக்கிறதே தவிர, எதை, எப்போது, எவ்வளவு நேரம் என்று எதுவும் இல்லை. வகுப்பாசிரியரோ, “இப்போதே இயந்திரத்தை வாசிக்கவிட்டால் இவன் எப்போது வாசிக்கப் பழகுவான்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. எழுத்தைப் பேச்சாக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன்; இரண்டு நாள் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் மூடி வைத்துவிட்டான். சோம்பலோ என்னவோ, தெரியவில்லை. இதற்கிடையில் பக்கத்தின்மேல் வைத்து வாசிக்கும் வண்ணக் கண்ணாடித் தாளையும் டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருவையும் வாங்கச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சிறப்புக் கல்வி ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் வாசித்துக் காட்டினால் அவனுக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். 1986இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஓர் எண். கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றோர் எண். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்ஜியத்தை நெருங்கினால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுருங்கிவிடும். உங்கள் மகனுக்கு இரண்டாவது எண் நன்றாகவே இருக்கிறது, சிக்கல் முதலாவதில். வாசித்துக் காட்டினாலும் புரியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் ஒலிச் செயலியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பயனில்லை. சொல்வளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வகுப்பாசிரியரின் கேள்விக்கு என் பதில் இது. வாசிக்கக் கற்பது ஒரு வேலை, வாசித்துக் கற்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் திணிக்கும்போதுதான் கருவியா பயிற்சியா என்ற சண்டை வருகிறது. அறிவியல் பாடத்தைப் படிக்க உட்கார்ந்திருப்பவனிடம், ஒவ்வொரு சொல்லையும் நீயே எழுத்துக்கூட்டு என்று சொன்னால், பக்கம் முடியும்போது முதல் பத்தி நினைவிலிருந்து போயிருக்கும். அறிவியலும் வராது, வாசிப்பும் வளராது. ஆகவே அறிவியல், சமூக அறிவியல் போன்ற பாடங்களைச் செயலியின் துணையோடு படிக்கட்டும். வாசிப்புப் பயிற்சிக்கென்று நாள்தோறும் இருபது நிமிடத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த இருபது நிமிடத்தில் செயலி வேண்டாம்.

பயிற்சியில் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. 18 மெய்யும், அவற்றோடு ஒட்டும் 11 உயிர்க்குறிகளும் கைவந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் அவற்றைத் தனியாகப் பழக்க வேண்டும். ‘கொ’ வரிசைக்கு நான் செய்வது இது. ஒற்றைக்கொம்பை ஓர் அட்டையிலும், ‘க’வை இரண்டாம் அட்டையிலும், துணைக்காலை மூன்றாம் அட்டையிலும் எழுதிக்கொள்வேன். ‘க’வை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஆள் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறக்கலாம் என்று விதி வைப்பேன். அவனே அட்டைகளை நகர்த்தி, விரலால் எழுதி, ஒலித்தும் காட்ட வேண்டும். கண், கை, வாய் மூன்றும் ஒன்றாக உழைக்கும் இந்த வகைப் பயிற்சி, நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், கல்வியாளர் ஆனா கில்லிங்காம் ஆகியோர் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த முறையைச் சேர்ந்தது.

ஊகித்து வாசிப்பதற்கு வேறு மருந்து. ‘மரம், மரபு, மரணம்’ என்று தொடக்கம் ஒன்றாகவும் முடிவு வேறாகவும் உள்ள சொற்களை அடுத்தடுத்து எழுதி வாசிக்கக் கொடுங்கள். முதலெழுத்தை மட்டும் நம்பினால் இங்கே தப்பிக்க முடியாது. நீண்ட சொற்களைப் பென்சிலால் கோடிட்டுப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லைக் கண்டு மலைக்கும் பிள்ளை, ‘படித்துக் / கொண்டி / ருந்தவர் / களுக்கு’ என்று பார்த்தால் வாசித்துவிடுகிறது. நூறு சொல்லுக்கு மிகாத ஒரே பத்தியைத் தொடர்ந்து மூன்று நான்கு முறை வாசிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தை அவனையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1979 முதல் மறுவாசிப்பு என்ற பெயரில் வழக்கில் உள்ள எளிய முறை இது. வேகம் கூடுவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கும்.

வண்ணத் தாளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கையிலேயே அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சிறப்பு எழுத்துருவும் அப்படித்தான். உதவுவதாகத் தெரிந்த இடங்களில் உதவியது எழுத்தின் வடிவம் அன்று, எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளி. அதை எந்த எழுத்துருவிலும் கூட்டிக்கொள்ளலாம். வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடம், இடது ஓரம் மட்டும் நேராக இருப்பது, ஒரு வரியில் குறைவான சொற்கள், இவை போதும்.

பதில் 2: டிஸ்லெக்சியா உள்ள பொறியாளர்

அம்மா, நான் உங்கள் மகனின் இடத்தில் இருந்தவன். இப்போதும் நீண்ட ஆவணங்களைக் கேட்டுத்தான் படிக்கிறேன். ஆசிரியை சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: வெறுமனே கேட்கவிடாதீர்கள், கண்ணும் வரியின்மேல் இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் பாடத்தைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் படித்தேன். இயந்திரக் குரலில் ‘ஒளி’யும் ‘ஒலி’யும் ஒன்றுபோலவே விழுந்தன. வெற்றிடத்தில் ஒளி செல்லும், ஒலி செல்லாது என்ற வரி எனக்கு, செல்லும் என்றும் செல்லாது என்றும் ஒன்றையே பற்றிச் சொல்வதாகக் கேட்டது. புத்தகம் உளறுகிறது என்று முடிவு செய்தேன். வாசிக்கப்படும் சொல்லை நிறமிட்டுக் காட்டும் வசதி பல செயலிகளில் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் வாசிப்பு உதவிக் கருவியான இம்மெர்சிவ் ரீடரில் அதனோடு ஒரு வரியை மட்டும் வெளிச்சமாகக் காட்டி மற்றவற்றை மங்கலாக்கவும் முடியும். அந்த ஒரு வசதிக்காகவே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

குரலின் வேகத்தையும் கவனியுங்கள். முதலில் மெதுவாக வைத்து, பழகப் பழகக் கூட்டலாம். கடைசிவரை மெதுவாகவே விட்டால் தூக்கம்தான் வரும். கணக்குப் பாடத்தில் செயலியை நம்ப வேண்டாம். எனக்கு ‘ஐந்தின் வர்க்கம்’ இருந்த இடத்தில் ‘ஐம்பத்திரண்டு’ என்று வாசித்துக் காட்டியது. அட்டவணைகளும் படங்களும் அதற்குப் பிடிபடுவதில்லை. அவற்றை ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. வகுப்பில் நான் மட்டும் காதொலிப்பான் மாட்டியிருந்ததால், அதை ஒரு வருடம் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தேன். கருவி நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். அதை மற்றவர்கள் முன்னால் போட்டுக்கொள்ள எனக்கு இயலுமா என்று யாரும் கேட்கவில்லை.

பதில் 3: முப்பது ஆண்டுகள் பணியாற்றிய தமிழாசிரியர்

வகுப்பாசிரியரின் அச்சத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவி ஆறாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் கேட்டே படித்தாள்; மதிப்பெண் உயர்ந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். பத்தாம் வகுப்பில் பார்த்தபோது அவளுடைய வாசிப்பு ஆறாம் வகுப்பில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. மதிப்பெண் உயர்ந்ததும் பயிற்சியை நாங்கள்தான் கைவிட்டிருந்தோம். குற்றம் கருவியுடையது அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவி வந்ததும் பயிற்சி நழுவிவிடுவது அத்தனை எளிது. அந்த இருபது நிமிடத்தைத் தேர்வுக் காலத்திலும் விடாதீர்கள்.

மொழிப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் பார்க்கும் தமிழ் வேறு. ‘போகுது’ என்று பேசும் பிள்ளை ‘செல்கின்றது’ என்பதை எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், தான் வாசித்தது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள அந்த வடிவம் காதில் முன்பே விழுந்திருக்க வேண்டும். சரளமாக வாசிக்கும் பிள்ளை அதைப் படித்துப் படித்தே பெற்றுவிடுகிறது. திணறும் பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே இரவில் பத்து நிமிடம் எழுத்துத் தமிழில் உள்ள கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பன்னிரண்டு வயதுப் பையனுக்கா என்று தயங்காமல். குரல்வழித் தட்டச்சிலும் இதே சிக்கல் உண்டு. பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால் அது பேச்சுத் தமிழிலேயே, பல இடங்களில் பிழையோடு, எழுதித் தரும். எழுத்துத் தமிழில் வாக்கியம் சொல்லப் பழகிய பிறகே அதைக் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, செயலியை ஏன் மூடிவைத்தாய் என்று மகனிடமே கேட்டேன். இத்தனை நாளும் கேட்கத் தோன்றவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. “அது தமிழ் வாசிக்கலம்மா, ஏபிசிடிதான் சொல்லுது” என்றான். என் கண்ணெதிரே போட்டும் காட்டினான். திரையில் தெளிவான தமிழ்ப் பாடம் இருக்கிறது. குரலோ ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் கலந்து ஏதோ ஒலிக்கிறது. பயிற்சி நிலையம் ஒன்று அனுப்பிய பாடக்குறிப்புக் கோப்பு அது. சோம்பல் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 4: மின்னூல் ஆக்கும் தன்னார்வலர்

உண்டு, அம்மா. அந்தக் கோப்பு யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் பொதுக் குறியீட்டில், இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், கண்ணுக்குத் தெரிவது மட்டுமே தமிழ்; உள்ளே பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே இருக்கும். செயலி அதைத்தான் உங்கள் மகனுக்கு நேர்மையாக வாசித்துக் காட்டியிருக்கிறது. சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து, உங்களுக்கு நீங்களே அனுப்பும் மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாக வந்தால் பழைய எழுத்துரு. அதை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது பக்கத்தின் ஒளிப்படம். எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக்க வேண்டும். தமிழை அறிந்த எழுத்துணரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ‘ன’வும் ‘ள’வும் இடம் மாறி விழக்கூடும், பிள்ளையிடம் கொடுக்கும் முன் ஒருமுறை நீங்கள் வாசித்துத் திருத்தியாக வேண்டும்.

புத்தகத்தை இப்படி மாற்றுவது பதிப்புரிமை மீறலாகாதா என்று பலர் கேட்பதுண்டு. 2013இல் மராகேஷ் நகரில் நிறைவேறி 2016இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, பார்வைக் குறைபாடு உள்ளவர்களோடு வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் பயனாளிகளாகக் கொள்கிறது. அதில் இணைந்த நாடுகளில், அனுமதி பெற்ற அமைப்புகள் அவர்களுக்காக நூல்களை ஒலி வடிவிலும் மின் வடிவிலும் ஆக்கித் தரலாம். உங்கள் மகனுக்கு உளவியலாளர் கொடுத்த அறிக்கை அத்தகைய நூலகத்தில் உறுப்பினராக உதவும், பத்திரமாக வைத்திருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

ஒட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஆங்கில எழுத்துகளாக வந்தன. மாற்றியில் இட்டுத் திருத்திய பாடத்தை நேற்று மாலை கேட்டான். இரண்டாம் பத்தியில் நிறுத்திவிட்டு, “இங்க ‘வெப்பம்’னு வரணும், ‘வெபபம்’னு சொல்லுது” என்று திரையைக் காட்டினான். நான் திருத்தும்போது தவறவிட்ட புள்ளி அது. அட்டைப் பயிற்சியை இன்று தொடங்குகிறோம். வகுப்பாசிரியரிடம் இந்தப் பதில்களை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். பாட ஒலியை வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் போட முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில் 5: சிறப்புக் கல்வி ஆசிரியை

அந்தப் புள்ளியை அவன் திரையில் கண்டுபிடித்த தேதியைக் குறித்து வையுங்கள், சகோதரி. மறுவாசிப்பு நேரங்களை எழுதும் அதே நோட்டில் முதல் வரியாக இருக்கட்டும்.