பைரேட் தீம் பர்த்டே, வீட்டுக்குள்ளயே, அதுவும் மும்பை மழைல – ஐடியா குடுங்க ப்ளீஸ்

செம்பூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசில பொண்ணுக்கு ஆறு வயசு முடியுது, இந்த தடவை பைரேட் பார்ட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எங்களது டூ பிஹெச்கே, கீழ சொசைட்டி கிரவுண்ட் முழுக்க சேறு, ஹால் எடுத்து பண்ற பட்ஜெட்டும் இல்ல, அதனால வீட்டுக்குள்ளயேதான் பண்ணணும். பத்துப் பன்னெண்டு பசங்க வருவாங்க, அஞ்சுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும், பாதிப் பேருக்கு தமிழ் தெரியாது. டெகரேஷன்காரங்க சொல்ற ரேட்டைக் கேட்டா தலை சுத்துது. மாமியார் வேற "பொம்பளப் புள்ளைக்கு கொள்ளைக்காரன் வேஷமா"ன்னு முகம் சுளிக்கிறாங்க, அவங்க மனசும் நோகக்கூடாது. எதுல ஆரம்பிக்கறதுன்னே புரியல, வீட்டுல செஞ்சவங்க சொல்லுங்க.

முலுண்ட்வாசி:
டெகரேஷன்ல ஆரம்பிக்காதீங்க மா, புதையல் வேட்டைல ஆரம்பிங்க. பலூன் வளைவு, பேக்டிராப் எல்லாம் பெரியவங்க போட்டோவுக்குத்தான், பசங்க அஞ்சு நிமிஷம்கூட பாக்க மாட்டாங்க. ஆனா மேப் ஒண்ணு கைல குடுத்துட்டா ஒரு மணி நேரம் வீடே அவங்க கைல.

மேப் செய்யறது சுலபம். வெள்ளைப் பேப்பரை நல்லா கசக்கிப் பிரிச்சுட்டு, திக்கான டீ டிகாஷன் ஆறினதும் தட்டுல ஊத்தி அதுல முக்கி எடுங்க. கசங்கின கோட்டுல எல்லாம் டிகாஷன் இறங்கி கருப்பா நிக்கும், பாத்தா நூறு வருஷப் பேப்பர் மாதிரியே இருக்கும். மழைக்காலத்துல சீக்கிரம் காயாது, ஃபேனுக்கு அடில போட்டு வச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே மேல ஒரு துணி போட்டு அயர்ன் பண்ணிடுங்க. படம் வரையறது எல்லாம் காஞ்சதுக்கு அப்புறம்தான், பிரிண்ட் எடுத்துட்டு முக்கினா இங்க் கலைஞ்சுடும். ஓரத்தைக் கொளுத்தறதுன்னா பசங்க இல்லாதப்ப பாத்ரூம்ல நின்னு நீங்களே செய்யுங்க.

குறிப்பு ஆறு ஏழு போதும். சின்னதுங்களுக்கு படிக்க வராது, தமிழும் தெரியாதுங்கறீங்க, அதனால படமா வரைஞ்சுடுங்க: ஷூ ரேக், வாஷிங் மெஷின், பால்கனி துளசித் தொட்டி, கோலமாவு டப்பா. அடுத்த குறிப்பு ஒவ்வொண்ணுலயும் இருக்கணும். ரெண்டு டீமா பிரிச்சு, ரெண்டு கலர்ல குறிப்பு, எட்டு வயசுப் பசங்களை ரெண்டு பக்கமும் சமமா போடுங்க, இல்லன்னா பெருசுங்களே ஓடி எடுத்துடும், சின்னது அழும். சமையலறைப் பக்கம் ஒரு குறிப்பும் வேண்டாம், அங்க எண்ணெய் காயும்.

கடைசில பெரிய டப்புல ரவையோ அரிசியோ கொட்டி அதுக்குள்ள சாக்லேட் காசு, மணி, சிப்பி எல்லாம் புதைச்சு வைங்க, கீழ பழைய பெட்ஷீட் விரிச்சுடுங்க. ஆளுக்கு ஒரு சுருக்குப்பை குடுத்து தோண்டினதை அதுலயே போட்டுக்கச் சொன்னா ரிட்டர்ன் கிஃப்ட் வேலையும் முடிஞ்சுது.

கப்பல் செய்ய, பழைய பேப்பர் வாங்கற ரத்திக்காரர்கிட்ட ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கேட்டு வைங்க. மத்த சாமான் எல்லாம் கிராஃபோர்ட் மார்க்கெட்டுலயும் பக்கத்து அப்துல் ரெஹ்மான் ஸ்ட்ரீட்டுலயும் கிடைக்கும். உங்களுக்கு ஹார்பர் லைன்ல ஒரே ட்ரெயின், சிஎஸ்எம்டில இறங்கி நடந்துடலாம், வார நாள்ல போங்க.

கடல்பித்தன்:
சகோ, மாமியார் சொன்னதுக்கு ஒரு பதில் இருக்கு. பொம்பளைங்க பைரேட்டா இருந்திருக்காங்க, ஆன் போனி, மேரி ரீட்னு ரெண்டு பேர், 1720ல பிடிபட்டு ஜமைக்காவுல விசாரணை நடந்துச்சு. புதைச்ச புதையல் கதையும் நம்ம கடல் வரைக்கும் வருது. கேப்டன் கிட்னு ஒரு பைரேட் 1698ல கேரளக் கரைப் பக்கம் ஒரு பெரிய சரக்குக் கப்பலைப் பிடிச்சான், அடுத்த வருஷம் அமெரிக்காவுல ஒரு தீவுல கொஞ்சம் புதைச்சும் வச்சான், 1701ல லண்டன்ல தூக்குல போட்டுட்டாங்க. கேக் வெட்டறதுக்கு முன்னாடி பசங்களை உக்கார வச்சு இந்தக் கதையச் சொல்லுங்க, வாயப் பொளந்து கேப்பாங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனம். கான்ஹோஜி ஆங்ரேயை பைரேட் லிஸ்ட்ல சேத்துடாதீங்க. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன்தான் அவரை அப்படிச் சொன்னான், அவர் மராத்தா கடற்படைத் தலைவர், 1729ல சாகற வரைக்கும் வெள்ளைக்காரனால அவரை அடக்க முடியல. மும்பைல இருக்கற கடற்படைத் தளத்துக்கே ஐஎன்எஸ் ஆங்ரேன்னுதான் பேரு. வர்ற பசங்கள்ல மராத்திக் குழந்தைங்க இருப்பாங்க, அவங்களுக்கு அவர் பெருமை. என்னைக் கேட்டா ஒரு டீம் பைரேட், இன்னொரு டீம் ஆங்ரேயோட படைன்னு வைங்க, மாமியாரும் மறுப்பு சொல்ல மாட்டாங்க. அவரோட காந்தேரிக் கோட்டை 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, அதே பட்டியல்ல நம்ம செஞ்சிக் கோட்டையும் இருக்கு.

மாட்டுங்கா_மாமி:
சாப்பாடு நான் சொல்றேன் கண்ணா. பசங்க வீட்டுல புது ஐட்டம் வச்சா தொடாது, தெரிஞ்சதையே கப்பலாக்கிடு. மினி பொடி இட்லி, மேல முக்கோணமா வெட்டின சீஸ் பாய்மரம். டூத்பிக் வேண்டவே வேண்டாம், ஓடற குழந்தை கைல அது ஊசி, மெல்லிசா நறுக்கின கேரட் குச்சில குத்து. வெள்ளரிக்காயைக் குடைஞ்சு உள்ள சுண்டல் போட்டா படகு. தர்பூசணி ஜூஸை "கடல் ராட்சசன் ரத்தம்"னு சொன்னா போட்டி போட்டுண்டு குடிக்கும். நிலக்கடலை, முந்திரி ஒத்துக்காத குழந்தை யாராவது இருக்கான்னு அம்மாக்கள்கிட்ட முன்னாடியே கேட்டுடு.

மீசை தாடிக்கு கலர் எதுவும் வாங்காதே, கண்மைல வரை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா போயிடும். கண்ணுல கட்டற கருப்புத் துணி போட்டோவுக்கு மட்டும், ஒத்தக் கண்ணோட ஓடினா கதவு நிலைல இடிச்சுக்கும்.

செம்பூர்_அம்மா:
மாமி, சகோ, முலுண்ட் அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி!! ஆங்ரே டீம்னதும் மாமியாரே கொடி தைச்சுத் தரேன்னு உக்காந்துட்டாங்க. கேக் முழுக்க கருப்பு கிரீம் போடலாமா? கீழ் வீட்டுல வயசானவங்க இருக்காங்க, சத்தத்துக்கு என்ன பண்றது?

முலுண்ட்வாசி:
முழுக் கருப்பு வேண்டாம், கலர் நிறைய சேத்தா கசக்கும், பல்லு நாக்கு எல்லாம் கருத்துடும். சாக்லேட் கேக் எடுத்து மேல மண்டை ஓடு மட்டும் வெள்ளைல போடச் சொல்லுங்க, எக்லெஸ்ஸான்னு கேட்டுக்கோங்க. கீழ் வீட்டுக்கு முந்தின நாளே போய் டைம் சொல்லிட்டு வாங்க, நாலுலேர்ந்து ஆறரைன்னு, அவங்க மத்தியானத் தூக்கமும் முடிஞ்சிருக்கும். கேக் வெட்டினதும் முதல் தட்டு அவங்களுக்குப் போகட்டும்.