ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் அடியில் துரு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேற்றுவண்டி:

அடிப்பாகத்துக்கு எதை அடிக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு டப்பாவின் பெயரைச் சொல்கிறார்கள். டப்பா அப்புறம். துரு எந்த இடத்தில் ஆரம்பித்தது, எப்படிக் கண்ணில் பட்டது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

என்னுடையது லேடர் சேசிஸ் வண்டி, அதாவது ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் வகை. ஆறு, சேறு எல்லாவற்றிலும் இறங்கும். கீழே படுத்துப் பார்த்தால் கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கும். ஒரு நாள் போனில் மாட்டிப் பார்க்கிற எண்டோஸ்கோப் கேமரா கைக்கு வந்தது. பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறுகிற இடத்தில் கம்பெனியே விட்டிருக்கிற ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டேன். விரல் தடிமனுக்கு மண். மேலே காய்ந்திருந்தது, கீழே ஈரம் விடவில்லை. கம்பியால் கிளறியதும் பழுப்பாகச் செதில் செதிலாக வந்தது. அதே இடத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

பெட்டி மாதிரி மூடிய சேசிஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கிறது. அடியில் இருக்கும் வடிகால் ஓட்டை சேற்றால் அடைபட்டால் தண்ணீர் போக வழியில்லை. அதோடு, ஈரமண் மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, பக்கத்தில் காற்றுப் படும் இடத்தில் அதிகம். இந்த வித்தியாசமே ஒரு சின்ன பேட்டரியைப் போல வேலை செய்து, மண்ணுக்கு அடியில் இருக்கும் இரும்பைக் கரைக்கிறது. மண்ணை எடுக்காமல் எந்தப் பூச்சை அடித்தும் பயனில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வாட்டர் வாஷ் கன் வெளியில் அடிப்பதோடு சரி. செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸை ஓட்டைக்குள் நுழைத்து, அடுத்த ஓட்டையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டேன். மண் வந்துகொண்டே இருந்தது. ஸ்கிட் பிளேட்டையும் மறக்காமல் கழற்றுங்கள். கல் அடிக்காமல் இருக்கப் போட்ட தகடு, மேல்பக்கம் சேற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பட்டறைக்காரன்:

அடியில் புதுசாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகமே வரும். பழைய வண்டி வாங்கப் போகிறோம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் கொண்டுவந்தார். மேலே அழகான வண்டி. லிஃப்டில் ஏற்றினால் அடி முழுக்க ரப்பர் கலந்த அண்டர்கோட், பளபளவென்று. சின்ன சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு ணங்கென்று சொல்லும். பின் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டும் இடத்துக்கு வந்ததும் சத்தம் சொத்தென்று அடங்கியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பூச்சின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கையகலத்துக்குப் பிரிந்து வந்தது. உட்பக்கத்தில் துரு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை, விற்க வந்தவர் நிறையப் பேசினார்.

தார், ரப்பர் வகைப் பூச்சுகளின் சிக்கல் இதுதான். சுத்தமான இரும்பில், கல்லடி படும் வீல் ஆர்ச்சில், நன்றாக வேலை செய்யும். நாளாக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் புகும், வெளியே வராது. துருவின் மேலேயே அடித்தால் கேட்கவே வேண்டாம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்றாக வெல்ட் ஆன இடத்தில் அது பிடித்தால் தகட்டையே நெம்பித் தூக்கிவிடும்.

நான் பார்க்கிற இடங்கள்: ஸ்பிரிங் ஷாக்கிள், பாடியைச் சேசிஸில் பிடிக்கும் பாடி மவுன்ட், கடைசி கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்), டீசல் டேங்க்கின் மேல்பக்கம், டேங்க் பட்டை. அப்புறம் பிரேக் பைப். பைப் நடுவில் நன்றாக இருக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மண் தங்கி அரித்திருக்கும். சேசிஸ் ஓட்டையாக வருஷங்கள் ஆகும். பிரேக் பைப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெடல் அப்படியே கீழே போகும். அதனால் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பதில் சோம்பல் கூடாது. மாற்றுவதானால் செம்பும் நிக்கலும் கலந்த பைப் போடுங்கள். வளைக்கவும் சுலபம், துருவும் பிடிக்காது.

பெரிய கம்பெனி வண்டிக்கு இதெல்லாம் வராது என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கில் டொயோட்டா 2016ல் 340 கோடி டாலர் வரை போகக்கூடிய சமரசத்துக்கு இறங்கி வந்தது. தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் அதில் அடக்கம்.

அலையோரம்:

நான் கடற்கரை மணலில் ஓட்டுகிறவன். சேறு மெதுவாகத் தின்னும், உப்பு உட்கார்ந்து தின்னும். உப்புக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. வண்டி காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் உப்புப் படிந்த இடம் நசநசவென்றுதான் இருக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். உப்புத் தண்ணீரோடு வந்த வண்டியைக் கதகதப்பான, காற்றில்லாத ஷெட்டில் பூட்டி வைப்பதைவிட, கழுவ முடியாத நாளில் வெளியே காற்றாட நிறுத்துவது மேல்.

கழுவுவதற்கு அழுத்தம் முக்கியமில்லை, நிறையத் தண்ணீர்தான் முக்கியம். உப்பு தண்ணீரில் கரையும் பொருள், அதைச் சுரண்ட வேண்டியதில்லை. புல்தரைக்குப் போடும் ஸ்பிரிங்ளரை வண்டிக்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டு, இடையிடையே வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துவேன். கைக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் அதுவே போய்ச் சேரும். கடலுக்குப் போன அன்றே இதைச் செய்துவிட வேண்டும். பிரஷர் கன்னை பேரிங், ஆயில் சீல் பக்கம் நேராகப் பிடித்தால் தண்ணீரை நாமே உள்ளே தள்ளியதாக ஆகும்.

பூச்சு என்று பார்த்தால் நான் லானோலின் ஆள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பிசுக்கு அது. காயாது, இறுகாது, இடுக்குகளில் தானே ஊர்ந்து போகும், கல் பட்டுக் கீறினாலும் ஓரளவு திரும்ப மூடிக்கொள்ளும். குறையும் உண்டு. முதல் சில நாள் ஆட்டுப் பட்டி வாடை வரும். தூசி ஒட்டும். இயற்கை ரப்பர் புஷ்ஷில் பட்டால் ஊதிப்போகும் என்பதால் புஷ்களை மூடிவிட்டு அடிக்க வேண்டும். தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப அடிக்க வேண்டும். அழுக்காகத் தெரியும் அந்தப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் பார்த்தால் கீழே நட்டின் மரை கூடப் புதிதாக இருக்கும். ஸ்பேனர் வைத்ததும் கழலும்.

துரு இல்லை என்றாலும் இன்னொன்று. ஓடி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். ஆக்சில் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலை இறக்கினால் வெளுத்துக் குழம்பிப்போய் வந்தது. வெளியே அத்தனை பூச்சு அடித்தவர் அவர்.

புதுச்சாவி:

வண்டி எடுத்து இன்னும் ஒரு மழைகூடப் பார்க்கவில்லை. சேசிஸை முழுசாக முக்கி எடுத்து இ-கோட் பண்ணியிருக்கிறோம், ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள் ஷோரூமில். இன்னொருவர் பேட்டரியில் இணைக்கிற எலக்ட்ரானிக் துருத் தடுப்புக் கருவி போதும் என்கிறார். பழைய டிரைவர் ஒருவர் வேஸ்ட் ஆயில் அடி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய சேசிஸ்:

தம்பி, மூன்று பேர் சொல்வதிலும் முதல் ஆள் சொல்வதில்தான் பாதி உண்மை. இ-கோட் நல்ல வேலை. மின்சாரம் பாய்ச்சி பெயின்டை ஒட்ட வைப்பதால் உள்மூலைக்கும் போகும். ஆனால் தகட்டின் கூர் ஓரங்களில் மெலிசாக நிற்கும், கல்லடி பட்டால் பெயர்ந்துவிடும். வெல்டிங் ஓரத்திலும் தகட்டு முனையிலும் துரு முதலில் எட்டிப் பார்ப்பது அதனால்தான். பூச்சு அடிக்க உன் வண்டியின் இந்த வயதுதான் சரியான வயது, அடைத்து மூட உள்ளே துருவே இல்லை. சேசிஸ் பெட்டிக்குள்ளே கேவிட்டி வாக்ஸ் என்ற உள்மெழுகு, வெளியில் மெழுகு வகையோ லானோலினோ. உள்ளே அடிக்க நீளக் குழாயும், முனையில் எல்லாப் பக்கமும் சிதறுகிற நாசிலும் வேண்டும். கம்பெனி விட்ட ஓட்டைகளே போதும். புதிதாக ஓட்டை போடுகிறோம் என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடு, வாரண்டிக்கும் வம்பு.

எலக்ட்ரானிக் கருவி: கப்பலிலும், மண்ணில் புதைத்த குழாயிலும் மின்சாரம் வைத்துத் துருவைத் தடுப்பது உண்மைதான். அங்கே இரும்பைச் சுற்றிக் கடல் தண்ணீரோ ஈரமண்ணோ இடைவெளி இல்லாமல் இருக்கிறது, மின்சாரம் சுற்றி வர வழி இருக்கிறது. காற்றில் நிற்கிற வண்டியில் அந்த வழி ஏது? இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு. காசை மெழுகுக்குப் போடு.

வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். எரிந்த எண்ணெயில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும், ரப்பரைக் கெடுக்கும், தோலுக்கு ஆகாது, சொட்டிச் சொட்டி மண்ணையும் நாசமாக்கும்.

எதை அடித்தாலும் சைலன்சர், ஆக்சிஜன் சென்சார், பிரேக் டிஸ்க், பிரீதர், வயர் கனெக்டர் பக்கம் போகக் கூடாது. புரொப்பல்லர் ஷாஃப்டில் தடியாக எதையும் அப்பாதே, பேலன்ஸ் போய் வண்டி உதறும்.

என்னுடையது பழைய லேண்ட் ரோவர். பாடி அலுமினியம், துரு பிடிக்காது என்று சந்தோஷப்படுவார்கள். அந்த அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அரிபடுவது அலுமினியம்தான், வெள்ளைப் பொடியாக உதிரும். போல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷரும் கொஞ்சம் மெழுகும் வைத்து மாட்டுகிறேன்.

நீலச்சுடர்:

நான் வெல்டர். அடியில் தார் பூசிய வண்டியில் பேட்ச் அடிக்கச் சொன்னால் முதலில் அக்கம் பக்கம் சுரண்டச் சொல்வேன். ஒரு தடவை சுரண்டிய இடத்தைத் தாண்டி, சேசிஸின் மறுபக்கத்தில் இருந்த பூச்சு சூட்டில் உருகிப் பற்றிக்கொண்டது. நான் இந்தப் பக்கம் படுத்திருக்கிறேன், நெருப்பு அந்தப் பக்கம். பக்கத்தில் ஒரு பையன் தண்ணீர்க் கேனோடு நின்றதால் சரியாகப் போயிற்று. மெழுகும் அப்படித்தான். வெல்டிங் வேலை ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டு அப்புறம் பூச்சு அடியுங்கள்.

சேசிஸை முழுசாகக் கழற்றிச் சுடு துத்தநாகத்தில் முக்கிய ஒருவருக்கு வேலை செய்திருக்கிறேன். துத்தநாகத் தொட்டி 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய நிலையில் இருக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரம் மாட்டினால் ஆவியாகி வெடிக்கும். அதனால் முன்கூட்டியே போதுமான ஓட்டைகளைப் போட்டுக் கொடுத்தோம். உள்ளே வெளியே எல்லா இடமும் துத்தநாகம் ஏறிவிடும், கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இதைவிடப் பலமான பாதுகாப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரையையும் மரை வெட்டும் டேப் கருவி போட்டு எடுக்க வேண்டியிருந்தது. வண்டியை நட்டு நட்டாகப் பிரிக்கத் தயாராக இருப்பவர்களுக்கான வேலை. அதன் மேல் பின்னால் வெல்டிங் வைப்பதானால் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க் காய்ச்சல் அடிக்கும்.

சேற்றுவண்டி:

என் சேசிஸுக்கு என்ன செய்தேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வெளியில் தெரிந்த இடங்களில் செதில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தேன். பவர் டூலில் மாட்டிய கம்பி பிரஷ் சில நேரம் துருவை எடுக்காமல் பாலிஷ் போட்டு வைத்துவிடும். கறுப்பாக மினுங்கினால் நம்பாதீர்கள், உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிறதா பாருங்கள். குழிக்குள் மிச்சம் இருந்ததற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினேன். டானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் இருக்கும் சரக்கு அது. மிச்சத் துருவைக் கறுப்பான, அசையாத படலமாக மாற்றும். தடிமனான செதிலின் மேல் தடவினால் மேல் தோல் மட்டும் மாறும், கீழே வேலை தொடரும். அப்புறம் எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து விட்டுவிட்டால் அது ஈரத்தை உள்ளே விடும், மேலே ஒரு பூச்சு கட்டாயம்.

அடிக்கும் நேரமும் முக்கியம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். இரும்பின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேல் குறைந்தது 3 டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பெயின்ட் உட்காரும். உள்பக்கம் கழுவி, பல நாள் ஓட்டிக் காயவிட்டு, மெழுகு பாய்ச்சினேன். அது வழிந்து நின்றதும் வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் திறந்தேன். மெழுகே ஓட்டையை அடைத்துவிட்டால் பழைய கதைதான். இப்போது கேமரா விட்டால் உள்ளே தேன் நிறத்தில் ஒரே சீராகத் தெரிகிறது. ஒரு இடத்தில் மட்டும், கிராஸ் மெம்பர் சேரும் மூலையில், பூச்சு எட்டவில்லை. அதற்கு வளைந்த நாசில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதுச்சாவி:

நன்றி அண்ணா. வாக்ஸ் அடிக்க நாள் குறித்துவிட்டேன். ஒரே ஒரு பயம். நேற்று கழுவி நிறுத்தினேன், காலையில் பார்த்தால் நாலு டிஸ்க்கும் ஆரஞ்சு நிறம்.

பழைய சேசிஸ்:

அது வார்ப்பிரும்பு தம்பி, கழுவினால் அப்படித்தான் ஆகும். தெருமுனை வரை ஓட்டி நாலு தடவை பிரேக் பிடி, போய்விடும். அதில் மட்டும் எதையும் அடித்துத் தொலைக்காதே.